கிள்ளானில் ஓர் ஈமக்கூடமும் பழைய தொலைபேசிக் கம்பியும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குப் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல. நான் வேலை செய்யும் சிறிய நிறுவனம், ஃபைபர் வராத கடைவரிசைகளுக்குப் பழைய செம்புத் தொலைபேசிக் கம்பி வழியாகவே பிராட்பேண்ட் கொடுக்கிறது. புகார்களுக்கு வாட்ஸ்அப்பில் பதில் எழுதுவது என் வேலை. போனில் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அன்று காலை வந்தது ஒரு குரல் பதிவு. பேசியவர் கிள்ளானில் ஈமக்கூடம் நடத்தும் சரோஜா ஆன்டி. "ஒரு மணிக்கு பாடி எடுக்குறோம்மா. இறந்தவங்களோட மக மாலினி நியூசிலாந்துல இருக்கு, டிக்கெட் கிடைக்கல. லேப்டாப்புலதான் அம்மாவைப் பார்க்கணும். உங்க லைன் விட்டு விட்டுப் போகுது லா. யாராச்சும் வாங்க."

எங்கள் டெக்னீஷியன் ஜெஞ்சாரோம் என்ற ஊரில் வேறொரு வேலையில் மாட்டிக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் அப்போது நான் மட்டும்தான்.

கே.எல். சென்ட்ரலிலிருந்து கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். கட்டணம் பெரிதில்லை. ஆனால் ஒரு ரயிலை விட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் நிற்க வேண்டும். தனியாகப் போகும் பெண்கள் நடுவில் உள்ள பெண்கள் பெட்டியில் ஏறலாம். கிள்ளான் நிலையத்திலிருந்து வாடகைக் காருக்கு எட்டு ரிங்கிட்.

முகவரியைப் பார்த்ததும் ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "யாரும் தவறிட்டாங்களாம்மா?"

"இல்லண்ணே. இன்டர்நெட் சரி பண்ணப் போறேன்."

"அங்க படுத்திருக்கிறவங்களுக்கு எதுக்கும்மா இன்டர்நெட்?" என்று சிரித்தார்.

மாலினியைப் பற்றிச் சொன்னேன். அவர் வேகத்தைக் கூட்டினார். இறங்கும்போது, "நல்லபடியா போட்டுக் கொடுத்துடும்மா" என்றார்.

கூடம் ஆன்டியின் கடைக்குப் பின்னால், தகரக் கூரையின் கீழ் இருந்தது. கைப்பேசியில் அங்கே சிக்னல் இல்லை. கம்பியை விட்டால் வேறு வழியில்லை. இறந்த அம்மாவின் தலைமாட்டில் மடிக்கணினி. திரையில் மாலினி, தலையைக்கூட வாராமல் உட்கார்ந்திருந்தார். படம் நின்றது, ஓடியது, மறுபடி நின்றது.

"அணைச்சு அணைச்சுப் போட்டாச்சு. படிச்ச பிள்ளை, நீயே பாரு" என்றார் ஆன்டி.

நான் மோடத்தின் அருகே தரையில் உட்கார்ந்தேன். துக்கம் விசாரித்து ஓர் அழைப்பு வந்தது. மோடத்தின் பச்சை விளக்கு அணைந்தது. இன்னொரு அழைப்பு. மறுபடி அணைந்தது. சாவு வீட்டில் போன் ஓய்வதில்லை.

காரணம் புரிந்தது. செம்புக் கம்பியில் பேச்சும் இணையமும் சேர்ந்தே வருகின்றன. இரண்டும் மோதாமலிருக்க ஒவ்வொரு போனிலும் ஃபில்டர் என்ற சிறு பெட்டி வேண்டும். அங்கே முன்கடை, சமையலறை, மேல்மாடி, சவப்பெட்டி அறை என நான்கு இடங்களில் போன். ஒன்றில்கூட ஃபில்டர் இல்லை. மோடம் வந்த அட்டைப்பெட்டியில் ஒன்றே ஒன்று, பிரிக்காமல் கிடந்தது.

"மூணு போனைக் கழட்டணும், ஆன்டி."

"முடியாதும்மா. நான் எங்க நின்னாலும் மூணாவது மணி அடிக்கிறதுக்குள்ள எடுத்துடுவேன். எடுக்கலன்னா யாரோ ஒருத்தர் பாடியைப் பக்கத்துல வச்சிட்டு முழிச்சிட்டு நிப்பாங்க."

"முன்கடை போன் வேலை செய்யும்."

"நான் சடங்குல நிக்கணும். முன்னாடி யார் உட்காருவா?"

திரையில் மாலினி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் உட்கார்றேன்" என்றேன்.

மூன்று போன்களையும் கழற்றினேன். முன்கடை போனில் ஃபில்டரை மாட்டினேன். கம்பி வழியாக இங்கிருந்து வெளியே அனுப்பும் வேகம் குறைவு என்பதால் படத்தின் தரத்தையும் குறைத்தேன். "வணக்கம் சொல்லாத. 'சொல்லுங்க'ன்னு மட்டும் சொல்லு. முதல்ல இடத்தைக் கேளு" என்று சொல்லிவிட்டு ஆன்டி உள்ளே போனார்.

பறை தொடங்கியதும் போன் அடித்தது. விளக்கு அணையவில்லை. எடுத்தேன்.

"அப்பா போயிட்டாரு," ஓர் ஆணின் குரல். "இப்பதான். என்ன செய்றதுன்னு தெரியல."

"சொல்லுங்கண்ணே. எந்த இடம்?"

கம்போங் மேடான் என்றார். அடுக்குமாடியின் புளோக் எண்ணையும் மாடியையும் இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டேன். உள்ளே மாலினி, "காலைக் காட்டுங்க ஆன்டி, அம்மா காலைக் காட்டுங்க" என்று சொல்வது அறுபடாமல் கேட்டது.

பெட்டியைத் தூக்கிச் சென்ற பிறகு உள்ளே போனேன். கூடத்தில் உதிர்ந்த பூக்களும், அவற்றை நோக்கிய மடிக்கணினியும் மட்டும். திரையில் மாலினி இன்னும் இருந்தார். ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். ஆன்டி தலையசைத்துத் தடுத்தார். சாவுச் சடங்கு நடந்த இடத்தில் சொல்லிக்கொண்டு போகும் வழக்கமில்லை. மடிக்கணினியை அணைக்காமல் அப்படியே விட்டுவிட்டு இருவரும் வெளியே வந்தோம்.

செம்புக் கம்பியில் கடைக்கு இணைப்பு வாங்குகிறவர்கள் முதலில் கடையில் எத்தனை போன் என்று எண்ணுங்கள். அத்தனை ஃபில்டர் கேட்டு வாங்குங்கள். படம் அனுப்ப வேண்டியிருந்தால் முதல் நாளே சோதித்துப் பாருங்கள். கிள்ளானுக்கு இப்படிப்பட்ட வேலையாகப் போகிறவர்கள், திரும்பும் ரயில் நேரத்தை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள்.

ரயிலில் திரும்பும்போது கைப்பேசியில் எங்கள் நிறுவனத்தின் இணைப்புக் கண்காணிப்புப் பக்கத்தைத் திறந்தேன். அந்தக் கம்பி இன்னும் இணைப்பில் இருந்தது; அது அனுப்பும் அளவும் குறையவில்லை. ஆளில்லாத கூடத்தின் படம் நியூசிலாந்துக்குப் போய்க்கொண்டே இருந்தது.