உதட்டுக்கடியில் ஒரு சிட்டிகை

மலையடிவாரத்தில் காரவள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டியதும் எங்கள் பேருந்து ஒரு நிமிடம் நிற்கும். டிரைவர் அண்ணன் சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுப்பார். உள்ளங்கையில் கொஞ்சம் புகையிலைத் தூளைக் கொட்டி, சுண்ணாம்பு தொட்டு, கட்டைவிரலால் தேய்ப்பார். கீழுதட்டை இழுத்து அந்தச் சிட்டிகையை உள்ளே ஒதுக்கிய பிறகுதான் முதல் கொண்டை ஊசி வளைவுக்கு வண்டி நகரும். அவரோடு கண்டக்டராக ஓடிய ஆண்டுகளில் அதைப் பார்த்துப் பார்த்து, ஹாரன் அடிப்பது போல, மலை ஏறுவதற்கு வேண்டிய வேலைகளில் அதுவும் ஒன்று என்றே எனக்குத் தோன்றிவிட்டது.

அவர் மலைமேல் அரியூர் நாட்டுக்காரர். நான் அடிவாரத்தில் கடை வைத்திருந்த குடும்பம். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, 'பாய்' என்பார். முன்பு பீடி பிடித்தவர்தான். மகள் பிறந்து, அந்தக் குழந்தைக்கு இளைப்பு வந்தபோது, புகை ஆகாது என்று டாக்டர் சொன்ன அன்றே பீடியை விட்டார். அந்த இடத்துக்குத்தான் இது வந்தது. "பொகையே இல்லீங்க பாய். யாருக்கு என்ன தொந்தரவு?" என்று பெருமையாகவே கேட்பார். நோன்பு மாதத்தில் என் எதிரில் ஒரு வாய் டீ குடிக்க மாட்டார். புகையிலையை மட்டும் விட முடியாமல், சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உதட்டுக்குள் வைப்பார். அப்படி ஒரு மனிதர்.

காலம் போகப் போகப் பொட்டலங்களும் மாறின. ஊரில் அவருடைய ஆட்கள் வெற்றிலையோடு மென்ற காய்ந்த புகையிலை ஒரு காலம். பிறகு பளபளப்பான பாக்கெட்டில் வந்த தூள். கடைசியாக, வெந்நீரில் முக்கும் டீத்தூள் பை போலச் சின்னதாகத் தைத்த ஒன்று. தேய்க்கவும் வேண்டாம், துப்பவும் வேண்டாம், புதினா வாசம் வேறு. அது வந்தபின் சன்னலுக்கு வெளியே துப்புவதும் நின்றுபோனது. சுத்தமாகிவிட்டார் என்று அவர் மனைவிகூடச் சந்தோஷப்பட்டார். வண்டியில் இருக்கும் நேரமெல்லாம் அது உதட்டுக்குள்ளேயே கிடந்தது என்பது எனக்குத்தான் தெரியும்.

முதலில் காரம் ஆகவில்லை. செம்மேட்டில் நாங்கள் சாப்பிடும் கடையில் குழம்பு வேண்டாம், தயிர் மட்டும் ஊற்றச் சொன்னார். வாயெல்லாம் எரிகிறதாம். கொஞ்ச நாளில் வடையைக் கடிக்க முடியாமல் கிள்ளிக் கிள்ளி உள்ளே தள்ளினார். ஒருநாள் கொட்டாவி விட்டவர், பாதியிலேயே தாடையைப் பிடித்துக்கொண்டார். உதட்டை இழுத்துக் காட்டச் சொன்னேன். சிட்டிகை வைக்கும் இடம் வெள்ளை வெளேரென்று, தண்ணீரில் ஊறிய விரல் நுனி மாதிரிச் சுருங்கியிருந்தது. நடுவில் ஒரு புண்.

கீழே ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். பல் டாக்டரம்மா அவருடைய மூன்று விரல்களைச் சேர்த்து வாய்க்குள் வைக்கச் சொன்னார். ஒன்றுக்கு மேல் போகவில்லை. "நான் பொகைக்கிறதே இல்லீங்கம்மா," என்றார் அண்ணன். டாக்டரம்மா நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை. "இங்க வர்றவங்க எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. புகை இல்லாட்டி என்னங்க? விஷம் அதே இடத்துல ஊறிக்கிட்டே இருக்குல்ல," என்று சொல்லிக்கொண்டே எழுதினார். சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். புற்று என்று வந்தது. உடனே அறுவை செய்தால் பிழைக்கலாம் என்றார்கள்.

அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "பேச்சு வருமாங்க?"

முன்னைப் போல வராது என்றார்கள்.

மலைக்குத் திரும்பிய அவர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மிளகு அறுப்பு முடியட்டும் என்றார். மிளகு முடிந்தது, மகளுக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்றார். நான் கெஞ்சினேன், சண்டை போட்டேன், வண்டி ஓட்டும் ஆளிடம் பேசக்கூடாது என்று எழுதிய பலகைக்குக் கீழே நின்றுகொண்டே கத்தினேன். "அவங்க முன்னாடி நாலு வார்த்தை நல்லாப் பேசோணும் பாய். அப்பனுக்கு வாயில்லைன்னு ஆயிடக் கூடாது," என்றார். பேசினார். கல்யாணமும் முடிந்தது. அதற்குள் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி எழும்பிவிட்டது.

சேலத்தில் அறுவை நடந்தது. கீழ்த்தாடையில் ஒரு பக்கத்தையும் நாக்கில் பாதியையும் எடுத்துவிட்டு, மார்புச் சதையை வெட்டி அங்கே வைத்துத் தைத்தார்கள். உயிர் தங்கியது.

இப்போது வேறொரு டிரைவரோடு ஓடுகிறேன். அவர் உதட்டுக்கடியிலும் ஒரு பை இருக்கிறது. தடை செய்த சரக்கு என்கிறார்கள்; கடையில் கண்ணைக் காட்டினால் கைக்கு வருகிறது. வாசலூர்பட்டிப் படகுத் துறைக்கு வருகிற கல்லூரிப் பிள்ளைகளும் வைத்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் எல்லோரிடமும் அண்ணனைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொள்வார்கள், தலையாட்டுவார்கள், இறங்கும்போது வெற்றுப் பாக்கெட் சீட்டுக்கடியில் கிடக்கும். இப்போது சொல்வதில்லை. அலுத்துவிட்டது.

போன வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். துண்டு முகத்தை மறைத்திருந்தது. அக்கா, அதாவது அவர் மனைவி, ராகிக் கூழைத் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் பேசுவது எனக்குப் பிடிபடாது. கரகரவென்று காற்றும் எச்சிலும்தான் வரும். அக்காவுக்கு ஒவ்வொரு சொல்லும் புரியும். "வண்டி எப்படி ஓடுதுன்னு கேக்கறாருங்க." "மழைக்கு மண்ணு சரிஞ்சுதான்னு கேக்கறாருங்க." நான் பதில் சொன்னேன். மகள் மாசமாக இருக்கிற சேதியையும் அவர் சொல்ல, அக்கா சொன்னார். மூவரும் கொஞ்சம் சிரித்தோம்.

பிறகு அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். சின்ன வாக்கியம்தான். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் வடிகட்டுவதை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தார்.

"என்ன சொல்றாருங்க அக்கா?"

அண்ணன் அதையே இன்னொரு தடவை சொன்னார். கண்ணில் நீர் கோத்திருந்தது.

"வைக்கறதுக்கு எடமே இல்லீங்களாம்," என்றார் அக்கா. துணியை இறுக்கிப் பிழிந்தார். "வாய் இன்னும் கேக்குதாமுங்க."