வால் வைத்த துவக்கு

என் தங்கை யோகமலர் ஸ்ட்ரெதமில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறாள். முந்நூற்றுப் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு மணித்தியாலத்தில் சாப்பாடு பரிமாறி முடிப்பாள். 2009ஆம் ஆண்டு அவளுக்கு முப்பத்தெட்டு வயது. நான் ஏழு வயது மூத்த அண்ணன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. நோர்பரியில் ஒரு மொத்தக் கடையின் களஞ்சியத்தைப் பார்க்கிறேன். எதையும் கொப்பியில் எழுதி வைக்கிறவன் ஆனபடியால், இங்கே வரும் இலக்கங்களில் பிழை இராது.

அவளுக்குத் துவக்கு, அதுதான் துப்பாக்கி, பிடித்துப்போன கதை முந்தின வருஷம் பள்ளிக்கூடச் சந்தையில் தொடங்கியது. பெரிய சமையற்காரி பியற்றிஸின் கணவர் எட்வேட் அங்கே காற்றுத் துவக்குக் கடை ஒன்று போட்டிருந்தார். ஐந்து தகரப்பேணி, ஐந்து சூடு. தங்கையின் கணவர் பிரதாபன் மூன்றை விழுத்தினார். யோகமலர் ஐந்தையும் விழுத்தினாள். பரிசாகக் கிடைத்த பஞ்சுக் கரடி அவளை விடப் பருமன். அதைக் காரின் முன்சீற்றில் வைத்துப் பட்டி பூட்டி, பிரதாபனைப் பின்னுக்கு இருத்திக்கொண்டு ஓட்டி வந்தாள். அன்று நான் வேலையில். கரடியைத்தான் பார்த்தேன், அவள் சுட்டதைப் பார்க்கவில்லை.

எட்வேட் லூயிஷாமில் ஒரு சூட்டுக் கழகத்தின் செயலாளர். தங்கையும் புருஷனுமாக அதில் சேர்ந்துவிட்டார்கள். செய்தி கேட்டு என் மனைவி கலாவதி தலையில் கை வைத்தாள்.

"துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். இஞ்ச வந்து காசு குடுத்துத் துவக்கு வாங்கப் போறியளோ?"

"மச்சாள், அது எங்களைப் பாத்துச் சுட்டது. இது கடதாசியைப் பாத்துச் சுடுறது" என்றாள் யோகமலர். "கடதாசி திருப்பிச் சுடாது. எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு."

ஊரில் யுத்தம் முடிந்த அந்த மே மாதம் எங்கள் யாருக்கும் எதிலும் மனம் போகவில்லை. ஆறு கிழமை அவர்கள் கழகப் பக்கம் போகவே இல்லை. ஏழாம் கிழமை அவளாகத்தான் "வாங்கோ போவம், எனக்கு ஒரு மணித்தியாலம் சும்மா சிரிக்க வேணும்" என்று பிரதாபனை இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே உண்மையாகவே சிரிக்க விஷயம் இருந்தது. இந்த நாட்டில் சாதாரணக் கைத்துவக்கு வைத்திருக்கச் சட்டம் விடாது. குழல் முப்பது சென்ரிமீற்றருக்குக் குறையக் கூடாது, முழு நீளம் அறுபதுக்குக் குறையக் கூடாது. அதனால் குழலை முன்னுக்கு நீட்டி, பின்னுக்கு ஒரு கம்பியையும் பூட்டி விடுகிறார்கள். பார்த்தால் துவக்குக்கு வால் முளைத்த மாதிரி இருக்கும். ரவை, அதாவது உள்ளே போடுகிற குண்டு, பயற்றங்காய்த் துண்டு போல ஒல்லி. அடி விளிம்பில் தட்டுப்பட்டால் வெடிக்கும். இருபத்திரண்டு என்று அதைச் சொல்வார்கள்.

அனுமதிக்கு விண்ணப்பித்த பிறகு பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். துவக்கு வைக்கச் சுவரில் பூட்டிய இரும்புப் பெட்டியின் நான்கு ஆணியையும் ஆட்டிப் பார்த்தார். சுடச்சுட வைத்த வடையைத் தொடவில்லை. பெட்டித் திறப்பு, அதாவது சாவி, இருக்கும் இடம் வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டார்.

"அண்ணைக்கு இந்த வீட்டில எல்லாம் தெரியும். சீனிப் போத்தல் எங்க எண்டு எனக்கு முந்தி அவருக்குத் தெரியும். இது மட்டும் தெரியாது" என்றாளாம் இவள். அன்று தொடக்கம் இன்று வரை எனக்குத் தெரியாது. தேடியும் பார்க்கவில்லை.

இருவருக்கும் அனுமதி வந்தது. இருவரும் பகிர ஒரே ஒரு துவக்குத்தான் வாங்குவது என்று முடிவு. ஸ்ட்ரெதம் மாடி வீட்டில் பெட்டிக்கே இடம் இல்லை.

இனி என் கொப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்றுவிட்டொரு சனிக்கிழமை எனக்கு லீவு. லீவு வந்தால் கழகத்துக்குப் போய்க் கண்ணாடிக்குப் பின்னால் நீட்டு மர வாங்கில் உட்கார்ந்து பார்ப்பேன். யோகமலர் கழகத் துவக்கால் சுட்ட அட்டைகளை, நான் போகாத கிழமையினதையும் சேர்த்து வாங்கி வந்து, கொப்பியில் ஒட்டித் திகதி போடுவேன். பத்துச் சூடு, நூறு புள்ளி. ஒக்ரோபர் கடைசியில் கொப்பியைப் புரட்டினபோது ஒரு விஷயம் பிடிபட்டது. நான் போன நாட்களில் அவள் எடுத்தது 61, 58, 64. போகாத நாட்களில் 86, 89, 91. ஒரு கிழமைகூடத் தவறவில்லை.

"உங்கட கண்தான் பட்டிருக்கு" என்றாள் கலாவதி, ஒரு யோசனையும் இல்லாமல். "தங்கச்சி தங்கச்சி எண்டு வாயைப் பிளந்துகொண்டு பாத்தால் என்ன நடக்கும்?"

அடுத்த முறை போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். 60. அதற்கடுத்த முறை தூணுக்குப் பின்னால் நின்றேன். தேநீர் கொண்டுவந்த பியற்றிஸ், நான் ஏதோ விளையாடுகிறேன் என்று நினைத்துத் தானும் தூணுக்குப் பின்னால் ஒளித்தாள். 57.

ஆகையால் துவக்குத் தெரிவு செய்கிற நாளில் நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். யோகமலர் விடவில்லை. "அண்ணை வராட்டி நான் வாங்கேல்லை." நான் முதலில் சிவன் கோயிலுக்குப் போய் அவள் பெயரில் அருச்சனை செய்து, இரண்டு லட்டுப் பொதி வாங்கிக்கொண்டு கழகத்துக்கு நடந்தேன்.

விற்பனைக்காரர் இரண்டு துவக்குகளைக் கொண்டு வந்து பச்சைத் துணியில் வைத்திருந்தார். ஒன்று தானாக ரவை ஏற்றுவது. அதன் பிடி வாதுமை மரம், விரல் விரலாகக் குடைந்து, உள்ளங்கைக்கு ஒரு மேடும் வைத்துச் செதுக்கியது. மற்றது சுழலும் உருளையில் ரவை போடுகிற ரிவோல்வர். கறுத்த ரப்பர் பிடி, பின்னால் முழங்கை வரைக்கும் வால்.

பிரதாபன் மரப்பிடியைத் தடவினார். "மச்சான், இது குதிரை. மற்றது ஒட்டகச்சிவிங்கி. உங்களுக்கே தெரியுதுதானே?"

அவர் குதிரையால் சுட்டார். 90. முகம் முழுக்கப் பல்.

பிறகு யோகமலர் எடுத்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கண் பட்டுவிடக் கூடாதே என்று மூச்சையும் பிடித்துக்கொண்டேன். அட்டை வந்தது. 59.

"நல்ல துவக்குத்தான். இவருக்குப் பிடிச்சிருக்கு. இதையே எடுப்பம்" என்றாள். அட்டையை எனக்குத் தராமல் மடித்துப் பைக்குள் வைத்தாள். விற்பனைக்காரர் பேனையை எடுத்தார். கையெழுத்து விழுந்தால் வருஷக்கணக்கில் அதோடுதான் அவள் சுட வேண்டும்.

என்னால் பொறுக்க முடியவில்லை. எட்வேட்டிடம் கொப்பியைத் திறந்து காட்டினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீசில், குற்றம் என் கண்ணில்தான் என்று விளங்கப்படுத்தினேன்.

எட்வேட் இலக்கங்களை இரண்டு தரம் பார்த்தார். "உங்கள் கண்ணில் ஒன்றும் இல்லை" என்றார். "நீங்கள் வரும் நாட்களில் அவள் பிழையான கையால் சுடுகிறாள். மற்ற நாட்களில் இடது கை. மூத்த சகோதரன் முன்னால் இடது கையைப் பாவிக்கக் கூடாது என்பது உங்கள் வழக்கமாக்கும் என்று நினைத்தேன். கேட்பது மரியாதை இல்லையே."

வழக்கம் என்று ஒன்றும் இல்லை, அது நான் செய்த வேலை. அவள் ஐந்து வயதில் சிலேற்றுப் பென்சிலை இடது கையால் பிடித்தாள். நான் பன்னிரண்டு வயசுப் பெரிய மனிதன். அவளுடைய இடது கையைத் துவாய்த் துண்டால் இடுப்போடு கட்டிவிட்டு 'அ' எழுத வைத்தேன். மூன்று மாதத்தில் கையை மாற்றிவிட்டேன். அவள் கலியாண வீட்டிலும் அதைப் பெருமையாகச் சொன்னேன். லண்டனில் யார் வந்தாலும் சொல்லியிருக்கிறேன்.

"மலர், உண்மையோ?"

அவள் தன் கால் சப்பாத்தைப் பார்த்தாள். "நீங்கள் கஷ்டப்பட்டுத் திருத்தின கை, அண்ணை. உங்களுக்கு முன்னால எப்பிடி?"

பிரதாபன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். "மச்சான், வீட்டில கறி கிண்டுறது, கதவு திறக்கிறது, எனக்குக் குட்டுறது எல்லாம் இடக்கைதான். உங்கட கார் சத்தம் கேட்டால்தான் அகப்பை கை மாறும்."

"உங்களுக்குத் தெரிஞ்சும் வலக்கைக்குச் செதுக்கின மரப்பிடி கேட்டனீங்கள்?" என்றேன்.

"அவதான் வலக்கை பழகிறன் எண்டு சொன்னா" என்று அவர் தலையைச் சொறிந்தார். "நான்... மரம் வடிவாய் இருந்துது."

"துவாயை அவிட்டாச்சு" என்றேன் தங்கையிடம். "பிறந்த கையால சுடு. நான் கண் திறந்து பாக்கப் போறன்."

இடக்கையில் குதிரை இருக்க மறுத்தது. உள்ளங்கை மேடு விரல் பக்கம் வந்து இடித்தது. ஒரு சூடுதான். சுட்ட ரவையின் சூடான வெறுங்கோது அவள் மூக்குக்கு முன்னால் பறந்தது. விற்பனைக்காரரே அதை வாங்கித் துணியில் வைத்துவிட்டு ஒட்டகச்சிவிங்கியை நீட்டினார். ரப்பர் பிடி இரண்டு பக்கமும் ஒன்று. கோதுகள் உருளைக்குள்ளேயே கிடக்கும்.

அவள் இடது காலை முன் வைத்தாள். என் தங்கை அப்படி நிமிர்ந்து நின்றதை நான் அதுவரை கண்டதில்லை. பத்துச் சூடு. பியற்றிஸ் அட்டையைப் பார்த்துவிட்டு என்னைக் கட்டிப் பிடித்துச் சுற்றினாள். 94. நான் ஏறி நின்ற வாங்கில் இருந்து இறங்கும்படி எட்வேட் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

பிரதாபனும் அதால் சுட்டுப் பார்த்தார். 88. மரப்பிடியைக் கடைசியாக ஒருமுறை தடவினார். "போயிற்று வா, ராசா" என்றார். பிறகு பெண்சாதியைப் பார்த்தார். "ரெண்டு புள்ளிதானே குறையுது. உனக்கு முப்பத்தஞ்சு கூடுது. எழுதச் சொல்லு." விற்பனைக்காரர் இருவர் அனுமதியிலும் ரிவோல்வரைப் பதிந்தார்.

நான் லட்டுப் பொதியை அவிழ்த்தேன். யோகமலர் வழக்கம் போல வலது கையை நீட்டினாள்.

"அது வேண்டாம்" என்றேன். "மற்றதைக் கொண்டா."

கோயில் லட்டை இடக்கையில் கொடுப்பதைக் கலாவதி கண்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பாள். நான் கொடுத்தேன். அவள் அதைக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டாள். போட்ட கையோடு, வலக்கையால் என்னுடைய லட்டையும் எடுத்துவிட்டாள்.