ஸ்ட்ராங் அக்கா காட்டிய வழி

சட்டமன்றக் கேன்டீனில் டீ போடுகிற அவளுக்கு எந்த உறுப்பினருடைய கட்சியும் தொகுதியும் மனதில் நின்றதில்லை. ஆளை டீயை வைத்துத்தான் அடையாளம் வைத்துக்கொள்வாள். ஒருவர் அரை டம்ளர், ஒருவர் பாலாடை எடுத்தது, ஒருவர் சர்க்கரை இல்லாதது. ஆளுங்கட்சி அரை டம்ளரும் எதிர்க்கட்சி சர்க்கரை இல்லாதவரும் சபைக்குள் ஒருவரையொருவர் நார்நாராகக் கிழித்துவிட்டு, கேன்டீனுக்கு வந்ததும் ஒரே மேஜையில் தோள் உரச உட்கார்ந்து சிரிப்பார்கள்.

"உள்ள அந்தப் போடு போட்டீங்களாம். இங்க வந்தா சம்பந்திங்க மாதிரி உக்காந்திருக்கீங்க" என்று ஒருமுறை வாய்விட்டே கேட்டாள்.

"அது வேலை. இது டீ" என்றார் சர்க்கரை இல்லாதவர். கேன்டீனே சிரித்தது. அதிலிருந்து அவர் மேல் அவளுக்கு ஒரு தனி மரியாதை.

அவள் போடுகிற டீ குடித்த பிறகும் நாக்கைவிட்டுப் போகாது. அதனால் செயலாளர் முதல் தரை துடைப்பவர் வரை எல்லோருக்கும் அவள் ஸ்ட்ராங் அக்கா. பின்பக்க மாடிப்படியின் உச்சியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் வயதான காவலர் மட்டும் தங்கச்சி என்பார். முழங்கால் வலிக்காரர், இறங்கி வர முடியாது. அவருக்கு மட்டும் அவளே டம்ளரை மேலே எடுத்துப் போவாள்.

அவளுக்குப் பிள்ளை இல்லை, தம்பி இருந்தான். அம்மா கண்ணை மூடியபோது அவன் நடக்கக்கூடத் தெரியாத குழந்தை. இடுப்பில் தூக்கிக்கொண்டே வளர்த்தாள், கல்யாணமாகிப் புருஷன் வீட்டுக்கு வந்தபோதும் அவனைக் கூட்டிக்கொண்டுதான் வந்தாள். அவனுக்குத் திக்குவாய். கடைக்காரர் முன்னால் "ப... ப..." என்று அவன் கழுத்து நரம்பு புடைக்க நின்றால், சுற்றி நிற்பவர்கள் இளிக்க ஆரம்பிப்பதற்குள் பின்னாலிருந்து "பென்சில் கேக்கறான்" என்று முடித்துவைப்பாள். வாத்தியார், டாக்டர், வேலைக்கு எடுக்க வந்த முதலாளி என யார் முன்னாலும் அவன் ஆரம்பிப்பான், இவள் முடிப்பாள்.

"அவன் வாயை நீ வாடகைக்கு எடுத்திருக்கியா? ஒரு தடவையாவது அவனா முடிக்கட்டும், விடேன்" என்பார் தையல்காரரான அவள் புருஷன்.

"நீங்க வேற. அவன் முகத்தைப் பாத்துட்டு எப்படிங்க சும்மா இருக்கறது?"

தம்பி வளர்ந்து கிடங்கு ஒன்றில் மூட்டை தூக்கப் போனான். கிடங்கை மூடினார்கள். வேலை இல்லாமல் சுற்றியவனைக் கட்சிக் கூட்டம் ஒன்று இழுத்துக்கொண்டது. அங்கே ஓர் அதிசயம் நடந்தது. ஆயிரம் பேரோடு சேர்ந்து கோஷம் போட்டால் அவனுக்குத் திக்கவில்லை. தொண்டை தண்ணீராக ஓடியது. வீட்டுக்கு வந்து அதைச் சொல்ல முயன்று பாதியில் திக்கி, அவனே சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். அன்றைக்கே அவன் காலை உடைத்து வீட்டில் உட்காரவைத்திருக்க வேண்டும் என்று பின்னால் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறாள்.

ஆட்சி பிழைக்குமா கவிழுமா என்று ஓட்டெடுப்பு நடக்கவிருந்த நாள். காலையிலிருந்தே கட்டிடத்தைச் சுற்றி எதிர்க்கட்சிக் கூட்டம் கூடியது. போலீஸ் முழுவதையும் முன்வாசலில் குவித்திருந்தார்கள். கேன்டீனின் பின்பக்கம் குறுகிய சந்துப் பக்கமாக ஒரு கதவு உண்டு, பாலும் காய்கறியும் வருகிற வழி. உள்ளே தடியான இரும்புத் தாழ்ப்பாள்.

அவள் பாலைக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். சர்க்கரை இல்லாதவர் தனியாக வந்தார். டீ கேட்கவில்லை. நேராகப் போய்த் தாழ்ப்பாளை இழுத்துத் திறந்தார். துருவேறிய தாழ்ப்பாள், இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது. பிறகு கைக்குட்டையால் உள்ளங்கையைத் துடைத்தபடி, வந்த வழியே போய்விட்டார். யாரோ வேண்டியவர் வரப்போகிறார் போலிருக்கிறது என்று அவள் நினைத்தாள்.

வந்தவர்கள் திறந்திருந்த கதவையே பெயர்த்துக்கொண்டு வந்தார்கள். மேஜை நாற்காலிகள் பறந்தன. பாய்லரை எத்தி உருட்டினான் ஒருவன். கொதிநீர் அவள் பாதத்தில் கொட்டியது. வலியில் கத்த வாயைத் திறந்தவள், கூட்டத்துக்கு நடுவில் கட்டையும் கையுமாகத் தம்பியைப் பார்த்தாள்.

நொண்டிக்கொண்டே போய் ஓங்கி ஓர் அறை விட்டாள். "நான் சோறு திங்கற இடத்துக்கே கட்டையோட வந்திருக்கியா?"

அவன் கன்னத்தைத் தடவக்கூட இல்லை. கண் எங்கோ இருந்தது. "அக்கா, ஆட்சி போச்சுக்கா!" என்றான். திக்காமல் சொன்னான்.

சட்டையைக் கொத்தாகப் பிடித்து அவனைப் பின் நடைக்கு இழுத்துப் போனாள். அங்கேதான் அந்த மாடிப்படி. கீழே இறங்கினால் வெற்று முற்றம், அதைத் தாண்டினால் தெரு, தெரு வழியே வீடு. மேலே ஏறினால் உறுப்பினர்களின் தளம். "கீழ போ. திரும்பிப் பாக்காம வீட்டுக்கு ஓடிடு" என்று கையை நீட்டிக் காட்டினாள். அதற்குள் பின்னாலேயே வந்துவிட்ட கூட்டத்தில் ஒருவன் அந்தக் கையைப் பார்த்து "இதோ வழி!" என்று கத்தினான். தம்பி படியில் ஒரு கணம் நின்றான். கீழே யாரும் இல்லை. பின்னால் எல்லோரும் இருந்தார்கள். அவன் மேலே ஏறினான்.

படியின் உச்சியில் ஸ்டூலில் இருந்த காவலர் எழுந்து கையை விரித்து வழியை மறித்திருக்கிறார். கூட்டம் போன பிறகு அவரை அவள்தான் பார்த்தாள். படிக்கட்டின் அடியில், தலை ஒரு பக்கமாக மடிந்து கிடந்தார். "அண்ணே, அண்ணே" என்று உலுக்கினாள். அண்ணன் போய்ச் சேர்ந்திருந்தார்.

ஓட்டெடுப்பு அடுத்த வாரம் நடந்தது. ஆட்சி கவிழவில்லை. சர்க்கரை இல்லாதவர் தன் ஆட்களோடு ஆளுங்கட்சிக்குத் தாவி அதைக் காப்பாற்றினார். முதலில் ஏறியவன் என்று தம்பியைப் பிடித்து, காவலரைக் கொன்ற வழக்கில் உள்ளே தள்ளினார்கள். நடையிலிருந்த கேமராவின் படம் எல்லாத் தொலைக்காட்சியிலும் ஓடியது. கேன்டீனுக்குள் கேமரா கிடையாது. அறை விட்டது தெரியாது. அந்தக் கேமராவில் சத்தம் பதியாது. "கீழ போ" கேட்காது. சீருடை போட்ட ஒருத்தி, படிக்கட்டு, நீட்டிய கை. அவ்வளவுதான் தெரிந்தது. அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். புருஷனிடம் தைக்கக் கொடுத்திருந்த துணிகளைப் பாதித் தையலோடு திருப்பி வாங்கிப் போனார்கள் தெருக்காரர்கள்.

அரசின் மீதான தாக்குதலை விசாரிக்கச் சட்டமன்றம் ஒரு குழு போட்டது. குழுவின் முன்னால் வரச்சொல்லி ஆள் வந்தபோது அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. நடந்ததைச் சொன்னால் முடிந்தது.

அவள் பல தடவை டீ கொண்டுபோன அறைதான். அன்றைக்கு வேறு ஒருத்தி தட்டோடு வந்தாள், எல்லோருக்கும் கொடுத்தாள், சாட்சி நாற்காலியைத் தாண்டிப் போனாள். தலைவர் நாற்காலியில் அரை டம்ளர். அவருக்குப் பக்கத்திலேயே சர்க்கரை இல்லாதவர். அவரைப் பார்த்ததும் அவளுக்கு உயிர் வந்தது. விவரம் தெரிந்த மனுஷர் ஒருவராவது இருக்கிறாரே!

"கதவு எப்படித் திறந்துச்சு?" என்று தலைவர் கேட்டார்.

"அய்யாதாங்க திறந்தாரு." அவள் சர்க்கரை இல்லாதவரைக் காட்டினாள். குற்றம் சொல்கிற குரலே இல்லை. "தாழ்ப்பாள் டைட்டா இருந்துச்சு, ரெண்டு கையால இழுத்தாரு. யாரோ வருவாங்கன்னு திறந்திருப்பாரு. அவரையே கேளுங்க."

தலைவர் பேனாவை மூடினார். "சாட்சி கடைசியாச் சொன்ன வார்த்தைகள் குறிப்பிலிருந்து நீக்கப்படுது."

"நீக்கினா என்னங்கய்யா அர்த்தம்?"

"நீங்க சொல்லவே இல்லைன்னு அர்த்தம்."

"இப்பத்தானே சொன்னேன்?"

"அதையும் நீக்குங்க" என்றார் தலைவர். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

பிறகு சர்க்கரை இல்லாதவர் பேசினார். குரலில் தேன் வழிந்தது. "பயப்படாதீங்கம்மா. படத்தில இருக்கிறது நீங்கதானே?"

"ஆமாங்க."

"கை எதைக் காட்டுது?"

"படிக்கட்டை. கீழ போன்னு..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மா. அந்தப் படிக்கட்டு மேலே போகுமா, போகாதா?"

"மேலயும் போகும், கீழயும் போகும்ங்க."

"மேலே போகும்னு சாட்சி ஒத்துக்கிட்டதைக் குறிச்சுக்கோங்க" என்றார் அவர்.

அன்று வீட்டுக்கு வந்தவள் புருஷனிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "பத்து வருஷமா சர்க்கரை போடாம குடுத்தேங்க அந்த ஆளுக்கு. ஒரு நாள்கூட மறந்ததில்லை."

அடுத்த விசாரணைக்குத் தம்பியைச் சிறையிலிருந்து கூட்டிவந்தார்கள். அவளைச் சுவரோரம் உட்காரச் சொன்னார்கள். அவன் மேலே புதுச் சட்டை. அதை யார் வாங்கிக் கொடுத்திருப்பார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. சர்க்கரை இல்லாதவரின் வக்கீல் அடிக்கடி சிறைக்குப் போய் அவனைப் பார்க்கிறார் என்று புருஷன் சொன்னதை அவள் அதுவரை நம்பாமல் இருந்தாள். உள்ளே இருந்த அக்கா திட்டம் போட்டாள், தம்பி சொன்னபடி ஆடினான் என்று கதை மாறினால், அவன் அப்ரூவராகி வெளியே வந்துவிடலாம். வக்கீலின் ஏற்பாடு அதுதான்.

"மேலே போகச்சொல்லி உனக்கு வழி காட்டினது யாரு?" என்று சர்க்கரை இல்லாதவர் கேட்டார்.

"அ... அ..." என்று ஆரம்பித்தான் தம்பி.

அவர்கள் காத்திருந்தார்கள்.

"அ... அக்... அ..."

ஓர் உறுப்பினர் வாயைப் பொத்திக்கொண்டார். இன்னொருவர் பக்கத்தில் இருந்தவரிடம் அதே மாதிரி "அ... அ..." என்று செய்து காட்ட, அவர் தோள் குலுங்கியது. தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். தம்பியின் கழுத்து நரம்பு புடைத்தது, நெற்றியில் வியர்வை துளிர்த்தது, உதடு கோணியது. அவன் அக்கா பக்கம் திரும்பவே இல்லை.

"அக்காதான் வழி காட்டினா. அதைத்தான் சொல்ல வர்றான்" என்று சுவரோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

அது தன் குரல் என்று அவளுக்குத் தெரிந்தபோது அவள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"இது குறிப்பில் ஏறட்டும்" என்றார் சர்க்கரை இல்லாதவர், மெதுவாக.

தலைவர் முன்னால் சாய்ந்தார். "அவன் சொல்ல வர்றதை நீங்க சொன்னீங்க, சரி. அது உண்மையா?"

அவள் தம்பியைப் பார்த்தாள். பென்சில் கைக்கு வந்துவிட்ட பிள்ளையின் முகம். மூச்சு சீராகிவிட்டது, தோள் தளர்ந்துவிட்டது. இல்லை என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் அந்த வாய் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இத்தனை பேருக்கு நடுவில்.

"ஆமா" என்றாள்.

குழுவின் அறிக்கையில் கதவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கேன்டீன் ஊழியர் உள்ளிருந்து சதி செய்ததாகப் போட்டிருந்தார்கள். நீதிமன்றத்திலும் அவள் மறுக்கவில்லை. மறுத்தால் தம்பிக்குக் கொடுத்த மன்னிப்பு ரத்தாகும், கொலை வழக்கு அவன் தலையில் விடியும் என்று அந்த வக்கீலே வந்து, மிகவும் பொறுமையாக, அவளுக்கு விளக்கிவிட்டுப் போயிருந்தார். ஆயுள் தண்டனை விழுந்தது.

புருஷன் மாதம் தவறாமல் சிறைக்கு வந்தார், பிறகு எப்போதாவது வந்தார். ஒருநாள் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "உன் தம்பிக்கு அந்த ஆளோட ஆபீஸ்லயே வேலை. கார் கதவைத் திறந்துவிடறான். வழியில பாத்தேன். அக்காவை ஒரு எட்டு போய்ப் பாக்கக் கூடாதாடான்னு கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"நே... நே...ன்னு நின்னான். நேரமில்லைன்னு சொல்ல வந்திருப்பான். நான் உன்னை மாதிரி முடிச்சு வைக்கலை. வந்துட்டேன்." கிளம்பத் திரும்பினார். "அவனுக்கு அக்காவா இருந்தே. எனக்குப் பொண்டாட்டியா இருக்கத்தான் உனக்கு நேரமில்லாமப் போச்சு." அதற்குப் பிறகு அவர் வரவில்லை. கடையைக் காலி செய்துகொண்டு எங்கோ போய்விட்டதாகக் கேள்விப்பட்டாள்.

வருவதற்கு இனி யாரும் இல்லை என்று ஆன பிறகு, ஒரு நாள் பார்வையாளர் வந்திருப்பதாகக் கூப்பிட்டார்கள். தம்பிதான் என்று முகத்தை அலம்பித் தலையை வாரிக்கொண்டு போனாள். கம்பிக்கு அப்பால் நின்றது காவலரின் மனைவி. ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை என்றாலும், காவலர் தன் பர்ஸில் வைத்திருந்த படத்தில் பார்த்த முகம்.

"உன்னைப் பத்தி வீட்ல பேசாத நாள் இல்லை" என்றாள் அந்த அம்மாள். "தங்கச்சி டீ கொண்டாந்துச்சு, தங்கச்சி எனக்காகப் படியேறி வந்துச்சுன்னு. பேப்பர்ல போட்டதை நான் நம்பலை. கோர்ட்டுல சொன்னதையும் நம்பலை. எனக்கு உன் வாயால கேக்கணும். நீயா அவங்களை மேல அனுப்பினே?"

பக்கத்தில் வார்டர் நின்றிருந்தாள். இல்லை என்று அந்த அம்மாளிடம் சொல்லும் ஒரு வார்த்தை இந்தச் சுவரைத் தாண்டி எங்கெங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும். குழுவின் முன்னால் சொன்ன 'ஆமா', அதற்கு முன் வாய்தவறி வந்துவிட்ட பேச்சைத் தொடர்ந்து தானாக வந்தது. இதை யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. எதிரே இருந்த இரண்டு கண்களும் இல்லை என்று சொல்லிவிடு, சொல்லிவிடு என்று கெஞ்சின.

"ஆமாங்க" என்றாள் ஸ்ட்ராங் அக்கா. "நான்தான் அனுப்பினேன்."

அந்த அம்மாள் திட்டவில்லை, காறித் துப்பவில்லை. கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்துக்கொண்டாள். "அவர் ஏமாளி. யாரைப் பாத்தாலும் நல்லவங்கன்னு நம்பிடுவாரு" என்று வார்டரிடம் சொன்னாள், அவளிடம் இல்லை. பிறகு, செத்துப்போன மனுஷன் மேல் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கோபம் வந்தவள் போல, விடுவிடுவென்று நடந்து வெளியே போனாள்.