கிணற்றடியில் நின்ற காய்க்காத மரம்

குண்டசாலையில் கைரியாவின் வீட்டு வளவில் நான்கு சாதிக்காய் மரங்கள் நின்றன. மூன்று காய்த்துக் கொட்டின. கிணற்றடியில் நின்ற நான்காவது, ஆண்டு தவறாமல் கொத்துக்கொத்தாகப் பூக்கும். ஒரு பிஞ்சுகூடப் பிடிக்காது. ஊர் அதற்கு மலட்டு மரம் என்று பெயர் வைத்தது. பெயர் வைப்பதில் நம் ஊரை யாரும் மிஞ்ச முடியாது. கைரியாவுக்கும் அதே பெயரைத்தான் வைத்திருந்தது.

கட்டுகஸ்தோட்டையில் கடை வைத்திருந்த மஹ்மூது, பிள்ளையில்லை என்று 1926இல் அவளைத் தலாக் சொல்லி அனுப்பிவிட்டு, கையோடு வேறு கலியாணம் முடித்தான். கைரியா வாப்பா விட்டுப்போன வீட்டில் தனியாகக் குடியிருந்தாள். சாதிக்காயும் அதன்மேல் சுற்றியிருக்கும் சிவப்பு வசுவாசியும் அவளுக்குச் சோறு போட்டன. கலியாண வீடுகளுக்குக் கூப்பிடுவார்கள். மணப்பெண்ணின் அறைப்பக்கம் அவள் போகாமல் பார்த்துக்கொள்வார்கள். அது புரிந்ததும் அவள் எங்கேயும் போவதை நிறுத்தினாள். பேச ஆளில்லாத பகல்களில் கிணற்றடி மரத்தோடு பேசினாள்.

"ஒனக்கும் எனக்கும் ஒரே பேருதான்," என்பாள்.

ஒருநாள் அவளுடைய நானா தாஸிம் கோடரிக்காரரோடு வந்தார்.

"மலட்டு மரம் வீட்டுக்கு ஆவாது தங்கச்சி. சும்மா எடத்த அடச்சிக்கிட்டு ஈக்குது."

"ஈந்துட்டுப் போகட்டும் நானா."

நானா கேட்கவில்லை. மாலை அஸர் பாங்குக்கு முன் மரம் விழுந்தது. கைரியா குசினியில் அடுப்படியோரம் நின்று அழுதாள். மரத்துக்குப் போய் அழுகிறாளே என்று சிரிப்பார்கள் என்பதால் சத்தம் வராமல் அழுதாள்.

அதற்குப் பிறகு மற்ற மூன்று மரங்களும் பூத்தன. பூவெல்லாம் பிஞ்சாகாமல் உதிர்ந்தது. அடுத்த முறையும் அப்படியே. ஊருக்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. எல்லாம் அவள் ராசி என்றது. வளவை விற்றுவிட்டுத் தன் வீட்டுக்கு வந்துவிடும்படி தாஸிம் சொன்னார். குசினிக்குப் பக்கத்தில் ஓர் அறை இருக்கிறதாம். அங்கே விறகு அடுக்கியிருப்பது கைரியாவுக்குத் தெரியும். ஆனால் காய்க்காத வளவை வைத்துக்கொண்டு எதைத் தின்பது?

"இன்னும் ஒரு தடவ பூக்கட்டும் நானா, பாப்பம்," என்று மட்டும் சொன்னாள்.

அந்தப் பூக்காலத்தில்தான் பக்கத்துப் பள்ளிக்கூடத்து இராஜகுமாரி டீச்சர் வேலிப் படலையில் வந்து நின்றார். வகுப்பில் பூவைப் பற்றிப் பாடம். பிள்ளைகளுக்குக் காட்டச் சாதிக்காய்ப் பூ வேண்டுமாம். மூன்று மரங்களிலும் தேடிப் பார்த்துவிட்டு, ஒரு பூவை நகத்தால் பிளந்து காட்டினார்.

"எல்லாமே பெண் பூவா இருக்குங்களே அக்கா. உள்ளுக்க குண்டா இருக்கு பாருங்க, இதுதான் காயாவும். ஆண் பூவுல இது இருக்காது, மகரந்தம் மட்டுந்தான். பூச்சி அதக் கொண்டாந்து இதுல சேத்தாத்தான் காய் பிடிக்கும். சாதிக்காயில ஆண் தனி மரம், பெண் தனி மரம். ஒங்க ஆண் மரம் எங்கங்க?"

கைரியா கிணற்றடியைப் பார்த்தாள். அடிக்கட்டையின் மேல் வாளி இருந்தது.

"வெட்டிட்டாங்க," என்றாள்.

தெல்தெனியாவில் ஒரு தோட்டத்தில் காய்க்காத சாதிக்காய் மரம் நிற்பதாகக் கேள்விப்பட்டு, மாட்டு வண்டி பிடித்துப் போய்ப் பூத்த கிளைகளை ஒடித்து வந்தாள். தண்ணீர்ப் போத்தல்களில் அவற்றை நிறுத்தி மூன்று மரங்களிலும் கட்டினாள். மரத்தில் போத்தல் தொங்குவதைப் பார்த்த ஊர், அவளுக்குப் பைத்தியமும் பிடித்துவிட்டது என்றது.

வளவு வாங்கும் ஆளோடு தாஸிம் வந்தபோது கிளைகளில் பிஞ்சு தெரிந்தது. கொஞ்சந்தான். கைரியா நடந்ததைச் சொன்னாள்.

"மதீனாவுல பேரீச்சம் பாளைக்கு ஆண் பூவச் சேப்பாங்கன்னு நீங்கதானே நானா மஜ்லிஸ்ல செல்லுவீங்க?"

தாஸிம் தாடியைத் தடவினார். "அது பேரீச்ச. இதும் அப்பிடீன்னு யாருக்குத் தெரியும்? ஆண் மரம்னு தெரிஞ்சிருந்தா நான் கையே வெச்சிருக்க மாட்டேன்."

"மலடுன்னும் செல்லிருக்க மாட்டீங்க," என்றாள் கைரியா. "பொம்புளன்னு நெனச்சித்தானே செல்லினீங்க."

மஹ்மூதுக்கு இரண்டாம் கலியாணத்திலும் பிள்ளையில்லை என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். வாங்க வந்தவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

காய் முற்றியதும் கைரியா அடிக்கட்டையின் பக்கத்தில் அதன் விதைகளை ஊன்றினாள். ஆணா பெண்ணா என்பது பூக்கும்வரை தெரியாது, அதற்குப் பல வருடம் ஆகும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். டீச்சரும் மாற்றலாகிப் போனார். மறுபடி பேச ஆளில்லாத பகல்கள். கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும்போது மட்டும் அவள் குரல் கேட்கும்.

"நீ எதுவா இருந்தாலும் சரி. நான் ஒனக்குப் பேர் வெக்க மாட்டேன்."