ஒன்றரை ஷிப்ட் பவளம்

பழனிமுத்து அண்ணனின் கம்பெனி வரவேற்பறையில் பல வருடங்களாக ஒரு ஃப்ளவர்ஹார்ன் மீன் இருந்தது. நெற்றி புடைத்து, எந்நேரமும் யார்மீதோ கோபமாக இருக்கிற மீன். அதை வடகிழக்கு மூலையில் வைத்தால் ஆர்டர் வரும் என்று வாஸ்துக்காரர் சொல்லி வாங்கியது. ஆர்டர் வந்தது. வந்தது மீனாலா, உள்ளே ஓய்வில்லாமல் ஓடிய தையல் மெஷின்களாலா என்று யாரும் ஆராயவில்லை. பெயர் மீனுக்குத்தான் போனது.

அண்ணன் என்றால் என் பெரியப்பா மகன். அவிநாசிபாளையம் பக்கம் தோட்டத்தில் பிறந்து, பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் தோற்று, ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மேஜைக்குக் கீழே துணித்துண்டு பொறுக்க ஆரம்பித்தவர். இன்று பல்லடம் ரோட்டில் சொந்தக் கட்டடத்தில் குழந்தைகளுக்கான டீ ஷர்ட் தைத்து ஐரோப்பாவுக்கு அனுப்புகிறார். இந்த உயரத்துக்கு அவரைத் தூக்கிவிட்டது ஒரே வாக்கியம்: "நோ ப்ராப்ளம் சார்." வெள்ளைக்காரர்கள் கப்பலை முன்னால் அனுப்பச் சொன்னாலும், விலையை இறக்கச் சொன்னாலும், நீலத்தை இன்னும் கொஞ்சம் சோகமாக்கச் சொன்னாலும் பதில் அதுதான். 'முடியாது' என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று அவருக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

தீபாவளி முடிந்த வாரம், நான் குடியிருக்கும் உட்ரெக்ட் நகரத்துக்கு அவரிடமிருந்து அழைப்பு வந்தது. அவரிடம் சரக்கு வாங்கும் பெரிய பையர் ஹெண்ட்ரிக்கும் நெதர்லாந்துக்காரர்தான். அடுத்த கோடைக்கான ஆர்டர் முழுவதையும் டாக்காவுக்கு மாற்றிவிடலாமா என்று யோசிப்பதாக ஹெண்ட்ரிக் வீடியோ காலில் சொல்லியிருந்தார். மாசி மாதம் நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவு செய்வாராம். ஆர்டர் போனால் அண்ணன் பாதிக் கட்டடத்தைப் பூட்ட வேண்டியதுதான். ஆனால் அண்ணன் பேசியது வேறு விஷயம்.

"தம்பி, அந்த மனுசன் முதுகுக்குப் பின்னால ஒரு தொட்டி இருக்குதுங்க. உள்ள பூப்பூவா என்னமோ ஆடுது. என்ன எழவுங்க அது?"

"ரீஃப் டேங்க்குங்ணா. கடல் தண்ணி, உசுரோட பவளம்."

"ஆர்டர் பேசற வரைக்கும் மூஞ்சிய உர்ருன்னு வச்சிருந்தான். தொட்டி நல்லாருக்குதுன்னு ஒரு வார்த்த சொன்னனுங்க. அப்பறம் சிரிச்ச சிரிப்பு அடங்கவே இல்ல. அவன் வர்றப்ப நம்மகிட்டயும் ஒண்ணு இருந்துச்சுன்னா டாக்காவாவது கீக்காவாவது."

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இந்தப் பொழுதுபோக்கு எந்த நாட்டில் எப்படி என்று கொஞ்சம் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர் டச்சுக்காரர்கள் தொட்டியில் உப்புத் தண்ணீரும் கல்லும் போட்டுவிட்டு மாதக்கணக்கில் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, கல்லின்மேல் படிந்திருந்த பழுப்புச் சளியைக் காட்டி, "அருமையாகப் போகிறது" என்றார். அந்தக் கொண்டாட்டத்துக்கு ஒரு காப்பியும் ஒரே ஒரு பிஸ்கட்டும் கொடுத்தார். சனிக்கிழமைகளில் யாராவது ஒருவர் வீட்டில் கூடி, ரோஜாப் பதியன் மாதிரி பவளத்தை நறுக்கிக் கைமாற்றிக்கொள்வார்கள். ஜெர்மன்காரர்கள் தங்கள் ரத்தத்தைவிடத் தொட்டித் தண்ணீரை அதிகம் பரிசோதிப்பார்கள். அமெரிக்கர்களுக்கு வீட்டின் நிலவறை முழுவதும் தொட்டி. தண்ணீரில் அரை டிகிரி சூடு கூடினால், கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருப்பவரின் கைப்பேசி அலறும். ஜப்பானில் ஒருவர் சூப்புக் கிண்ணம் அளவுத் தொட்டியில் ஒரே ஒரு பவளம் வைத்து, எதிரில் ஒரு நாற்காலி போட்டிருந்ததைப் படத்தில் பார்த்தேன். பணமும் இடமும் மாறலாம். காத்திருப்பதுதான் எல்லா நாட்டிலும் பொது.

இதை அண்ணனிடம் விளக்கினேன்.

"ஆறு மாசம் வெறுந்தண்ணியப் பாத்துட்டு உக்காந்திருப்பாங்களா? வேலவெட்டி இல்லாத நாடுங்களா அது? நீங்க அடுத்த மாசம் நம்ம சொந்தத்துல கல்யாணத்துக்கு வாறப்ப நாலு துண்டு பவளத்தப் பாலித்தீன்ல கட்டி பேக்ல போட்டுட்டு வந்துருங்க தம்பி."

நம் நாட்டு வனவிலங்குச் சட்டம் கல்பவளத்தைப் புலியோடு ஒரே அட்டவணையில் வைத்திருக்கிறது என்றேன். "புலியயா கேட்டேன்?" என்றார். கடைசியில் தொட்டிக்கான உப்பும் பரிசோதனைக் குப்பிகளும் மட்டும் கொண்டுவர ஒப்புக்கொண்டேன். அதற்கே கோயம்புத்தூர் விமான நிலையத்தில் எனக்கு வியர்த்துக் கொட்டியது. பெட்டி நிறைய வெள்ளைப் பொடி. சுங்க அதிகாரி முகர்ந்து பார்த்தார், நக்கிப் பார்த்தார், பிறகு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஏன் தம்பி, தூத்துக்குடில இல்லாத உப்பா?"

தண்ணீருக்கு அண்ணன் கஷ்டப்படவில்லை. நொய்யல் ஆற்றில் வாரம் ஒரு கலர் ஓடவிட்டு, கோர்ட்டில் குட்டு வாங்கி, அதன் பிறகு சாயக் கழிவைச் சுத்திகரித்துச் சுத்திகரித்தே தேர்ந்த ஊர் திருப்பூர். உட்ரெக்டில் ஒரு வாளி தயாரிக்க அரைநாள் ஆகும் சுத்தத் தண்ணீரை, நண்பரின் சாயப்பட்டறை டேங்கர் லாரியில் அனுப்பி வைத்தது. ஆற்றை விட்டுவிட்டோம், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சுத்தமான கடல் வந்துவிட்டது.

நல்ல நாள் பார்த்துப் பம்புக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்துத் தண்ணீர் விட்டார்கள். ஃப்ளவர்ஹார்ன் வீட்டுக்கு மாற்றலானது. "ஆபீஸ்ல ரிட்டயரானதெல்லாம் என்ற ஊட்டுக்கா?" என்று கேட்டார் தரணி அண்ணி. அண்ணனின் மனைவி, கம்பெனியில் ஆட்கள் நிர்வாகம் அவர் பொறுப்பு. தொட்டியைப் பார்க்க வந்த சொந்தபந்தம் எல்லோரும் கண்ணாடியைத் தட்டிவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "சாப்புடற மீனுங்களா?" அண்ணன் முதலில் விளக்கினார். பிறகு "ஆமாங்க, சித்த பெருசாகட்டும்" என்று அனுப்பினார்.

கை ஈரம் காய்வதற்குள் என்பார்களே, தொட்டியில் ஈரம் காய வழியில்லை. ஆனால் அந்த அவசரத்தில்தான் பவளமும் வந்தது. சென்னையிலிருந்து தெர்மோகோல் பெட்டியில் மென்பவளங்கள். இவை புலிக்குச் சொந்தமில்லை என்று விற்றவர் சத்தியம் செய்தாராம். பில்லில் 'அலங்காரப் பொருள்' என்று போட்டிருந்தது. எனக்கு அதற்குப் பிறகு சரியாகத் தூக்கம் வரவில்லை என்பது வேறு விஷயம்.

ஹெண்ட்ரிக்கின் தொட்டிப் படத்தை அண்ணன் பெரிதாக அச்சடித்து, தன் தொட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினார். பையர் ஒப்புதல் கொடுத்த சாம்பிளைத் தையல்காரர் கண்ணெதிரே மாட்டுகிற அதே வழக்கம். சாம்பிளில் பவளம் தட்டகலம் விரிந்திருந்தது. இங்கே பொத்தான் அளவுகூட இல்லை. உற்பத்தி பின்தங்கி, கப்பல் தேதி நெருங்கினால் திருப்பூருக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான்: ஒன்றரை ஷிப்ட். பகல் முழுக்கத் தைத்தவர்கள் டீ குடித்துவிட்டு மறுபடி உட்கார்ந்து இன்னும் அரை ஷிப்ட் தைப்பது.

நான் உட்ரெக்டுக்குத் திரும்பியிருந்தபோது கைப்பேசியில் கேட்டார்.

"பவளம் வெளிச்சத்துலதான் வளரும்னு நீங்கதான சொன்னீங்க?"

"ஆமாங்ணா. ஆனா எட்டு மணி நேரம் போதும். அதுகளுக்கும் இருட்டு வேணுங்ணா."

"எட்டு மணி நேரமெல்லாம் கவர்மென்ட் ஆபீஸ் தம்பி."

அன்று முதல் தொட்டிக்கும் ஒன்றரை ஷிப்ட். அதுவும் போதவில்லை என்று பிறகு இரண்டானது. பவளங்கள் முதலில் மிரண்டு விரிந்தன, பிறகு சுருங்கின, பிறகு வெளிறின. கண்ணாடியில் பாசி மட்டும் உற்சாகமாக வளர்ந்தது. "ரெண்டு மூணு லீவு போட்டுருக்குதுங்க, மத்ததெல்லாம் ட்யூட்டில இருக்குது" என்று அறிக்கை வந்தது.

மாசியில் ஹெண்ட்ரிக் வருவதற்கு முந்தின நாள் நானும் வந்து சேர்ந்தேன். அண்ணன்தான் டிக்கெட் போட்டிருந்தார். அந்த ஊரிலேயே குடியிருக்கிறவன் பக்கத்தில் நின்றால் பையருக்கு மனசு இளகும் என்பது கணக்கு. தரணி அண்ணி தையல் கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பையர் வருவதற்கு முன்னால் எல்லாக் கம்பெனியிலும் நடக்கிற பாடம்தான்.

"எத்தன மணி நேரம் வேல?"

"எட்டு!" என்றது கூடம்.

"ஓவர்டைம்?"

"எங்களுக்கு இஷ்டமிருந்தா மட்டும்!"

"ஞாயித்துக்கெழம?"

"லீவு!"

"லீவன்னிக்கு என்ன பண்ணுவீங்க?"

 முன்வரிசையில் பட்டி தைக்கும் மருதம்மாள் எழுந்தார். "அதையும் நீங்களே சொல்லிக் குடுத்துருங்கம்மிணி. நமக்குப் பழக்கமில்ல."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அண்ணியும் சிரித்தார். பிறகு, "ஊட்டுல இருப்போம், கோயலுக்குப் போவோம்னு சொல்லுங்க" என்று அதையும் மனப்பாடம் செய்ய வைத்தார்.

மறுநாள் காலை ஹெண்ட்ரிக் வந்தார். நெடுநெடுவென்ற உருவம். மாலையைக் கழுத்திலும் இளநீரைக் கையிலும் வாங்கிக்கொண்டவர் தொட்டியைப் பார்த்ததும் இரண்டையும் மறந்தார். நேராகப் போய்க் கண்ணாடிக்கு முன்னால் குந்தினார். அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். டாக்கா போயே போய்விட்டது என்று அர்த்தம்.

ஹெண்ட்ரிக் வெளிறிய பவளத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, விளக்கு தினம் எத்தனை மணி நேரம் எரிகிறது என்று கேட்டார்.

இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் அண்ணனிடம் ஆட்களின் வேலை நேரக் கணக்குக் கேட்டிருக்கிறார்கள். ஒருவருக்கும் அவர் உண்மை சொன்னதில்லை. இந்தக் கேள்விக்கு மட்டும் யாரும் பாடம் எடுக்கவில்லை.

"சிக்ஸ்டீன் ஹவர்ஸ் சார்!" என்றார் அண்ணன் நெஞ்சை நிமிர்த்தி. "நார்மல் எய்ட் ஹவர்ஸ். பட் யுவர் விசிட் கமிங், ஸோ வெரி அர்ஜென்ட். ஃபர்ஸ்ட் ஒன் அண்ட் ஹாஃப் ஷிப்ட், தென் டபுள் ஷிப்ட். சண்டே ஆல்ஸோ சார். சேம் லைக் அவர் டெய்லர்ஸ்!"

அண்ணி கையிலிருந்த தட்டிலிருந்து முந்திரி ஒன்று உருண்டு விழுந்தது. "அய்யோ, இவங்களுக்குச் சொல்லிக் குடுக்காம உட்டுட்டனே" என்று என் காதோரம் முனகினார். நான் இருமினேன். அண்ணனுக்கு இருமல் புரியவில்லை. "தண்ணி குடிங்க தம்பி" என்றார்.

ஹெண்ட்ரிக் எழுந்து நின்றார். தொட்டியைப் பார்த்தார். வரவேற்பறைக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் வரிசையாகக் குனிந்திருந்த தலைகளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பாதிக் கட்டடத்துக்குப் பூட்டு வாங்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். மறுபடியும் தொட்டியிடம் வந்தார். அண்ணனின் தோளில் கைவைத்தார். 

"பழனி, இது கொடுமை. இவை உயிருள்ள ஜீவன்கள். இவற்றுக்கு இருட்டு வேண்டும், ஓய்வு வேண்டும். ஒரு தேதிக்காக இவற்றை இப்படிப் பிழிந்தெடுக்கக் கூடாது."

கையை நீட்டி விளக்கை அவரே அணைத்தார்.

"நோ ப்ராப்ளம் சார்" என்றார் அண்ணன். "டுமாரோ ஒன்லி எய்ட் ஹவர்ஸ். சண்டே லீவ்?"

ஹெண்ட்ரிக் யோசித்தார். வாரம் ஒருநாள் மங்கிய வெளிச்சம் நல்லதுதான் என்றார்.

மத்தியானம் அண்ணன் வீட்டில் நாட்டுக்கோழி. ஹெண்ட்ரிக் நெகிழ்ந்துபோயிருந்தார். இத்தனை தேசத்தில் வியாபாரம் செய்கிறாராம், தன் பொழுதுபோக்கைப் புரிந்துகொள்ள இவ்வளவு பாடுபட்டவரை எங்கும் பார்த்ததில்லையாம். கோடை ஆர்டர் முழுவதும் இங்கேயே இருக்கும் என்றார். டாக்காவின் பேச்சே இல்லை. ஒரே ஒரு சின்ன விஷயம்: இந்த வருடம் கடைகளில் கோடை விற்பனையைச் சீக்கிரம் ஆரம்பிக்கிறார்கள், அதனால் சரக்கு மூன்று வாரம் முன்னதாகக் கப்பல் ஏற வேண்டும்.

வேடிக்கைக்குச் சொல்கிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கோழி எலும்பிலிருந்து சதையை நிதானமாகப் பிரித்துக்கொண்டிருந்தார். காது மந்தமான ஆளுமில்லை. 'டெய்லர்ஸ்' என்ற சொல் கட்டாயம் கேட்டிருக்கும்.

"நோ ப்ராப்ளம் சார்" என்றார் அண்ணன்.

ஹெண்ட்ரிக்கின் கார் கிளம்பியதும் அண்ணன் முதல் வேலையாகத் தொட்டி விளக்குக்கு நேரம் வைக்கும் கருவியை மாட்டச் சொன்னார். எட்டு மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் கூடக் கூடாது. வரவேற்பறை வெளிச்சம் பட்டுப் பவளத்தின் தூக்கம் கெடாமலிருக்க, கறுப்புப் பின்னல் துணி மடித்து, தொட்டியின்மேல் தன் கையாலேயே போர்த்தினார். பிறகு கூடத்துக்குப் போய் மெஷின்களை நிறுத்தச் சொன்னார்.

"ஆர்டர் நமக்கே வந்துருச்சுங்க. யாருக்கும் வேல போகாது. ஆனா டெலிவரி முன்னால கேக்கறாங்க. அதனால நாளையிலிருந்து கப்பல் போற வரைக்கும் ஒன்றரை ஷிப்ட்டு. ஞாயித்துக்கெழமையும் வந்துருங்க."

வேலை போகாது என்றதும் எழுந்த கைதட்டல், ஒன்றரை ஷிப்ட் என்றதும் பாதியில் நின்றது. மருதம்மாள் மட்டும் தட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தாமலே கேட்டார்.

"அந்தக் கண்ணாடித் தொட்டிக்குள்ள ஒரு ஆளுக்கு எடம் இருக்குதுங்களா சாமி?"

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. அண்ணன் கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்தார்.

"அதுக்குப் பையர் அப்ரூவல் குடுக்கோணும் ஆத்தா" என்றார்.

விளையாட்டுக்குச் சொன்ன மாதிரித் தெரியவில்லை. கையை உயர்த்தி, மெஷின்களை ஓட்டச் சொன்னார்.