முதுகம்மாவின் ஒரே குளோசப்

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஸ்டூடியோவில் அவள் முதுகம்மா. நாடே கிறங்கிக் கிடந்த ஒரு கதாநாயகிக்கு டூப்பு. நாயகி மாடிப்படியில் உருண்டால், உருண்டவள் இவள். ஆற்றில் குதித்தால், நனைந்தவள் இவள். ஒரு படத்தில் இவள் ஏறியதும் குதிரை மிரண்டு, கேமராவைத் தாண்டி, சுவரைத் தாண்டி, பக்கத்து ஸ்டூடியோவின் கல்யாணக் காட்சிக்குள் புகுந்து மாப்பிள்ளை இடத்தில் நின்றுகொண்டதாம். பாதியை நம்பலாம்.

எங்கே விழுந்தாலும் முகம் தெரியக்கூடாது. அதுதான் தொழில். வருஷக்கணக்காகப் பழகி, லென்ஸ் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கு மறுபக்கம் அவள் கழுத்து தானாகத் திரும்பும். சூரியகாந்திக்கு நேர் எதிர்.

புருஷன் அங்கேயே லைட்மேன். உயரத்தில், பலகைப் பரணில் உட்கார்ந்து நாயகியின் கன்னத்தில் வெளிச்சத்தை வழியவிடுவான். வீட்டுக்கு வந்ததும் இவள் ஆரம்பிப்பாள்.

“ஊர்ல இருக்கிறவளுக்கெல்லாம் லைட் போடுறீங்க. எனக்கு ஒரு நாளாவது போட்டிருக்கீங்களா?”

“அடுப்பங்கரையில பல்பு மாத்தினது யாராம்?”

சிரித்துவிடுவாள். ஆனால் ஆசை அந்தச் சிரிப்பில் கரையவில்லை. திரையில் ஒரே ஒரு தடவை தன் முகம் வரவேண்டும். பார்த்த இடத்திலெல்லாம் டைரக்டரை நச்சரித்தாள். கடைசியில் அவர் இளகினார். சண்டைக்குப் போன மகனுக்காகக் காத்திருக்கும் தாய், கதவைத் திறந்து, “வந்துட்டியாப்பா?” என்று கேட்கவேண்டும். குளோசப்.

தெருவே பூரித்தது. நாத்தனார் மட்டும், “மேக்கப்புக்கு எத்தனை வாளி சுண்ணாம்பு அண்ணி?” என்றாள்.

படப்பிடிப்பன்று புருஷன் எல்லாருக்கும் முன்பே பரணேறி, விளக்கைத் துடைத்து, வெளிச்சம் உறுத்தாமலிருக்க அதன்மேல் மெல்லிய துணி கட்டினான்.

“ஆக்‌ஷன்!”

கதவைத் திறந்தாள். கழுத்து திரும்பிவிட்டது.

“அம்மா, கேமரா கடிக்காது,” என்றார் டைரக்டர். எல்லாரும் சிரித்தார்கள், அவளும்தான். மறுபடி எடுத்தார்கள். மறுபடி திரும்பியது. படச்சுருளை அடி அடியாக அளந்து கொடுத்த காலம் அது.

“இதான் கடைசிம்மா. சுருள்ல இவ்வளவுதான் மிச்சம்.”

பரணிலிருந்து புருஷன் குரல் வந்தது. “கேமராவ விடு. இங்க பாரு, என்னைப் பாரு.”

நிமிர்ந்து பார்த்தாள். முகம் முழுக்க வெளிச்சம் நிறைந்தது. “ஆக்‌ஷன்” என்றார் டைரக்டர். கேமரா ஓடும் சத்தம் காதில் விழுந்ததுதான் தாமதம், கழுத்து தன் வேலையைப் பார்த்துக்கொண்டது.

டைரக்டர் கெட்டவர் அல்ல. “முதுகும் நல்லாத்தான் இருக்கு” என்று அதையே வைத்துக்கொண்டார். கதவைப் பார்த்துப் பேசியதில் குரல் சரியாக விழவில்லை. அதற்கு வேறொருத்தியைப் பேசவைத்தார்கள். வீட்டில் இருவரும் இதைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடவில்லை.

படம் வந்தது. கொட்டகையில் அந்தக் காட்சிக்கு ஜனம் தேம்பியது. ஒரு பெரியவர் மூக்கைச் சிந்திய சத்தத்தில் திரையே ஆடியது. நாத்தனாரும் அழுதாள். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த முதுகம்மாவிடம் குனிந்து கேட்டாள்.

“பாவம், யாரு பெத்த பொண்ணோ. நீங்க எப்ப அண்ணி வருவீங்க?”

புருஷன் உண்மையைச் சொல்ல வாயெடுத்தான். முதுகம்மா அவன் கையை அழுத்தினாள்.

“வருவேன். இன்னும் கொஞ்ச நேரத்துல.”

நாத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதன்பின் படம் முடியும்வரை அவள் திரையைவிட்டுக் கண்ணெடுக்கவே இல்லை.