ஒஸ்டாப் கழட்டின பூட்ஸ்

கனடாவுல, வின்னிபெக்ல ஒஸ்டாப் ஹ்ரின்சுக்குக்கு வீடு வீடா வாஷிங் மெஷின் இறக்குற வேலை. இரும்பு மூக்கு வச்ச பூட்ஸை வேலை நேரத்துல கழட்டவே கூடாதுன்னு கம்பெனி ரூல். ஆனா பனிக்காலத்துல, சேறும், பனி உருக ரோட்டுல தூவுற உப்பும் ஒட்டின பூட்ஸோட அடுத்தவங்க வீட்டுக்குள்ள எவன் போவான்? பூட்ஸ் மேல மாட்டிக்க ரப்பர் உறை கொடுங்கன்னு யூனியன்ல நாங்க கேட்டோம். கம்பெனி கொடுக்கல.

போன ஜனவரியில ஒரு வீட்டுக்கார அம்மா, "போட்டுக்கிட்டே வாப்பா, நான் தொடச்சுக்கிறேன்"னு சொன்னாங்க.

"உங்க தரையில சேறு மிதிச்சா, எங்கம்மா கல்லறையில இருந்து எழுந்து வந்து அடிப்பாங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே ஒஸ்டாப் கழட்டிட்டான். கீழ்த்தளத்துக்கு இறங்குற படியில சாக்ஸ் வழுக்கி, மெஷின் அவன் கால் மேல விழுந்துச்சு. ஆஸ்பத்திரியில மூணு விரலை எடுத்துட்டாங்க.

"அந்தம்மா கழட்டச் சொன்னாங்கன்னு சொல்லுடா, வேலையாவது தப்பும்"னேன்.

"அவங்க சொல்லவே இல்லையேண்ணே. நல்ல மனுஷி மேல பழி போடச் சொல்றியா?"

ரெண்டு வாரம் கழிச்சு மேனேஜர் ஒஸ்டாப் வீட்டுக்கே வந்தாரு. நானும் அங்கதான் இருந்தேன். வாசல்ல குனிஞ்சு பூட்ஸ் நாடாவை அவுத்தாரு.

"போட்டுக்கிட்டே வாங்க சார், உங்க ரூல் ஆச்சே"ன்னா ஒஸ்டாப் பொண்டாட்டி ஹல்யா.

"சேச்சே, வீட்டுக்குள்ளயா?"

சாக்ஸோட ஹால் நடுவுல நின்னுக்கிட்டு, பூட்ஸைக் கழட்டினதுக்காக உன்னை வேலையை விட்டு எடுத்தாச்சுன்னு ஒஸ்டாப்கிட்ட சொன்னாரு. அப்பீல் போனோம். தோத்தோம்.